கொரோனா காலத்தில் யார் மனசு தாங்கியது? வயது, ஆண்-பெண், நேர்மறை மனநலம்: சில குறிப்புகள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த மறுநாள் நான் செய்த முதல் காரியம், ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தது. தொழில் புத்தி, வேறென்ன. வீட்டில் நாலு பேர். அம்மாவுக்கு அப்போது 71 வயசு. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. மனைவி பள்ளி ஆசிரியை. பையன் காலேஜ் முதல் வருஷம். நான் படுக்கையறை மூலையில் ஒரு மேஜையைப் போட்டு ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஷீட்டில் பாதிக்கு மேல் அம்மாவைப் பற்றியதுதான். காய்ச்சல், சர்க்கரை அளவு, மாத்திரை, தூக்கம். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக "மனசு" என்று ஒரு கட்டம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு சுற்று கேட்பேன்: "இன்னைக்கு ஏதாவது பிரச்சனையா?" எல்லாரும் "ஒண்ணும் இல்ல" என்பார்கள். "இல்லை" என்று நிரப்புவேன். எனக்கான கட்டத்தை என்னைக் கேட்காமலேயே நிரப்பினேன்.

மனசளவில் யாராவது உடைந்தால் அது அம்மாதான் என்று முடிவு கட்டியிருந்தேன். கோயில் கிடையாது, காலை நடை கிடையாது, அக்கா வீட்டுக்குப் போக முடியாது, டிவியைத் திறந்தால் சாவு எண்ணிக்கை. அதனால் நாள் முழுக்க ஒரு கண் அவர் மேலேயே இருந்தது.

ஆறு மாசம் கழித்து ஒருநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, என்னையே சுத்திச் சுத்தி வர்றியே, உன் பையனைப் பாத்தியா? சாப்பிடுறான், தூங்குறான், கேட்டா பதில் சொல்றான். ஆனா அவன் சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஷீட்டில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.

இது என் வீட்டுக் கதை. ஒரு வீட்டை வைத்து உலகத்துக்கு முடிவு சொல்ல முடியாது. அதனால் அடுத்த சில மாதங்கள், வேலை முடிந்த நேரத்தில், இதைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தேன். நான் உளவியல் படித்தவன் இல்லை, எண்களைப் பார்த்துப் பழகியவன். அந்த அளவில் புரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நோய் இல்லை என்றால் நலமா?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இது புரியாமல் மேலே போனால் வயதுக் கணக்கும் புரியாது, ஆண்-பெண் கணக்கும் புரியாது.

உலக சுகாதார அமைப்பின் சாசனம் 1948இல் நடைமுறைக்கு வந்தது. உடல், மனம், சமூகம் மூன்றிலும் நல்லபடியாக இருப்பதுதான் ஆரோக்கியம், வெறுமனே நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் இல்லை என்று அப்போதே அதில் எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் மனநல ஆய்வுகள் பெரும்பாலும் நோயைத்தான் அளந்துகொண்டிருந்தன. பதற்றம் இருக்கா, மனச்சோர்வு இருக்கா, தூக்கம் கெட்டுப்போச்சா? எல்லாத்துக்கும் "இல்லை" என்றால், நீங்க நலம்.

கோரி கீஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதை மாற்றிக் கேட்டார். மனநோயும் மனநலமும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள் இல்லை, தனித்தனியான இரண்டு கோடுகள் என்றார். ஒரு கோட்டில் நோய் எவ்வளவு, இன்னொரு கோட்டில் நலம் எவ்வளவு.

எங்க தொழிலில் இதை உடனே புரிய வைக்கலாம். ஒரு சர்வரின் லாகைத் திறந்து பார்க்கிறீங்க. ஒரு எரர்கூட இல்லை. சந்தோஷம். ஆனால் அந்த சர்வருக்கு நேற்றிலிருந்து ஒரு ரிக்வெஸ்ட்கூட வரவில்லை என்றால்? எரர் இல்லாததற்குக் காரணம், அது வேலையே செய்யாததுதான். எரரை எண்ணுவது ஒரு அளவு, வேலை நடக்குதா என்று பார்ப்பது வேறொரு அளவு.

நலத்தை அளக்க கீஸ் உருவாக்கிய கேள்வித்தாளின் சுருக்க வடிவத்தில் 14 கேள்விகள். போன ஒரு மாதத்தில் இப்படி எத்தனை முறை உணர்ந்தீர்கள் என்று கேட்கும். முதல் 3 கேள்விகள் உணர்வு பற்றியவை: சந்தோஷம், வாழ்க்கையில் ஈடுபாடு, திருப்தி. அடுத்த 5 சமூகம் பற்றியவை: நான் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன், என்னால் இந்தச் சமூகத்துக்கு ஏதோ பயன் இருக்கு என்ற மாதிரி. கடைசி 6 உளவியல் சார்ந்தவை: என்னை எனக்குப் பிடிச்சிருக்கு, நம்பிக்கையான உறவுகள் இருக்கு, வாழ்க்கைக்கு ஒரு திசை இருக்கு.

கணக்குப் போடும் முறை அழகானது, ரெண்டே கண்டிஷன். முதல் மூன்றில் குறைந்தது ஒன்றுக்கு "தினமும்" அல்லது "கிட்டத்தட்ட தினமும்" என்ற பதில் வரணும். மீதி 11இல் குறைந்தது ஆறுக்கும் அதே பதில் வரணும். வந்தால் அது செழிப்பான நிலை. அதே எண்ணிக்கையில் "ஒருபோதும் இல்லை" அல்லது "ஒண்ணு ரெண்டு தடவை" என்று வந்தால், அதற்கு அவர் வைத்த பெயரை நான் தமிழில் "வாட்டம்" என்று சொல்வேன். நம்ம ஊரில் "என்ன, முகமே வாட்டமா இருக்கு?" என்று கேட்கிறோமே, அதேதான். வாடின செடி செத்த செடி இல்லை. அதில் பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. ஆனால் தளிர் விடாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் நடுத்தரம்.

கீஸ் 2002இல் வெளியிட்ட ஆய்வு 25 முதல் 74 வயது வரையான 3,032 அமெரிக்கர்களைப் பற்றியது. அதில் செழிப்பு 17.2 சதவீதம், நடுத்தரம் 56.6 சதவீதம். மனச்சோர்வு நோய் இல்லாமல் வெறும் வாட்டம் மட்டும் உள்ளவர்கள் 12.1 சதவீதம். மீதி 14.1 சதவீதம் பேருக்கு அந்த ஒரு வருஷத்துக்குள் மனச்சோர்வு வந்திருந்தது. ஆனால் அந்த 14.1இலும் 9.4 பேர் வாட்டத்தில் இல்லை. அதாவது நோய் இருந்தும் வாழ்க்கையில் பிடிப்போடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். நோயே இல்லாமல் பிடிப்பு விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். நான் ராத்திரி கேட்ட கேள்வியில் இந்த இரண்டாவது வகை சிக்கவே சிக்காது. பத்தொன்பது வயசுப் பையன் "நல்லாத்தான் இருக்கேன்பா" என்று சொன்னது பொய் இல்லை. நான் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்.

பிரிட்டன் கணக்கு

இப்போது கொரோனா காலத்துக்கு வருவோம். ஏகப்பட்ட சர்வேக்கள் நடந்தன. ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு அடிப்படைக் கோளாறு: ஊரடங்கு வந்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள். முன்னாடி எப்படி இருந்தார்கள் என்று தெரியாமல், இப்போது மோசம் என்றால் எதை விட மோசம்?

இந்த விஷயத்தில் பிரிட்டனுக்கு ஒரு அதிர்ஷ்டம். அங்கே 2009 முதல் ஒரே குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் பேட்டி எடுக்கும் ஒரு பெரிய ஆய்வு நடக்கிறது. 2020 மார்ச் 23 அன்று அங்கே ஊரடங்கு அறிவித்தார்கள். ஏப்ரலிலேயே அதே ஆட்களிடம் மறுபடி கேட்டார்கள். 17,452 பேர் பதில் சொன்னார்கள். அதே ஆள், முன்னும் பின்னும்.

பயன்படுத்தியது ஜி.ஹெச்.க்யூ-12 என்ற, 12 கேள்விகள் கொண்ட பழைய கருவி. அது அளப்பது மன உளைச்சலை. நோய்க் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018-19இல் கவலைப்பட வேண்டிய அளவுக்கு உளைச்சல் இருந்தவர்கள் 18.9 சதவீதம். 2020 ஏப்ரலில் 27.3 சதவீதம்.

இதோடு நிறுத்தியிருந்தால் "கொரோனாவால் மனநலம் கெட்டது" என்று ஒரு தலைப்புச் செய்தி எழுதிவிட்டுப் போகலாம். யாருக்கு ஏறியது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. கொரோனா இல்லாவிட்டாலும் ஏறியிருக்கக்கூடிய அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சராசரியாக ஏறியது 0.48 புள்ளி. 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு 2.69. 25 முதல் 34 வரை 1.57. வீட்டில் சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு 1.45. பெண்களுக்கு 0.92.

திரும்பவும் பாருங்கள். கிருமி யாரைக் கொல்லும் என்று பட்டியல் போட்டால் மேலே நிற்பவர்கள் முதியவர்கள், அதிலும் ஆண்கள். மனசு யாருக்குத் தள்ளாடியது என்று பட்டியல் போட்டால் மேலே நிற்பவர்கள் இளையவர்கள், பெண்கள். கிட்டத்தட்ட தலைகீழ். நான் ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியலுக்கான காவலைப் போட்டிருந்தேன்.

அமெரிக்காவிலும் இதே படம்தான். அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 ஜூன் கடைசியில் எடுத்த சர்வேயில், பதற்றம், மனச்சோர்வு, போதைப் பழக்கம் கூடுதல் போன்றவற்றில் ஏதாவது ஒன்றாவது இருப்பதாகச் சொன்னவர்கள் 18-24 வயதில் 74.9 சதவீதம். 25-44 வயதில் 51.9. 45-64இல் 29.5. 65க்கு மேல் 15.1. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது.

முதியவர்கள் எப்படித் தாங்கினார்கள்?

வயதாக ஆக மனசு அமைதியாகிறது என்பது புது விஷயம் இல்லை. கொரோனாவுக்கு முன்பே பல ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஏன் என்பதில்தான் சண்டை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் சொல்லும் விளக்கம் இது. நமக்கு முன்னால் காலம் நிறைய இருக்கு என்று நினைக்கும்போது மனுஷன் எதிர்காலத்துக்காகச் சேர்க்கிறான்: படிப்பு, தொடர்பு, பதவி. இன்றைக்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை என்று ஓடுகிறான். இருக்கும் காலம் கொஞ்சம் என்று தெரியும்போது கணக்கு மாறுகிறது. நெருக்கமான நாலு பேர், பிடித்த நாலு காரியம் போதும். வேண்டாததை விட்டுவிடத் தெரிகிறது.

இன்னொரு பக்கம் சூசன் சார்ல்ஸ் போன்றவர்கள் ஒரு எச்சரிக்கை சொன்னார்கள். முதியவர்கள் அமைதியாக இருப்பதற்கு ஒரு காரணம், அவர்களால் தொல்லையைத் தவிர்க்க முடிகிறது. சண்டை வரும் இடத்துக்குப் போக மாட்டார்கள். ஆனால் தவிர்க்கவே முடியாத, நீண்டு போகும் ஒரு தொல்லை வந்தால் இந்தச் சாதகம் போய்விடலாம். வயதான உடம்பு அந்த அழுத்தத்தைத் தாங்குவது கஷ்டம் என்றார்கள்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? யாரையும் வேண்டுமென்றே தவிர்க்க முடியாத தொல்லையில் மாட்டிவிட முடியாது. கொரோனா அந்தச் சோதனையைத் தானாகவே நடத்திவிட்டது. தவிர்க்க முடியாது, முடிவு தெரியாது, ஆபத்து முதியவர்களுக்குத்தான் அதிகம். 2020 ஏப்ரலில் கார்ஸ்டென்சனும் சக ஆய்வாளர்களும் 18 முதல் 76 வயது வரையான 945 அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். நல்ல உணர்வு, கெட்ட உணர்வு ரெண்டையும் கேட்டார்கள். எத்தனை முறை வந்தது, எவ்வளவு ஆழமாக வந்தது என்றும் கேட்டார்கள். முடிவு: வயது கூடினவர்களின் உணர்வு நிலைதான் மேலாக இருந்தது. தனக்கு ஆபத்து எவ்வளவு என்று அவர்களே நினைத்த அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். ஆக, "ஆபத்து புரியாததால் நிம்மதியாக இருந்தார்கள்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், "பயமா இல்லியாம்மா?" "பயம் இல்லாம என்ன? ஆனா பயந்துட்டே உக்காந்திருந்தா உளுந்து ஊறுமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். 945 பேர் ஆய்வை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன்.

ஆனால் எல்லாத்தையும் மனப்பக்குவத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சூழ்நிலைக்கும் பெரிய பங்கு உண்டு. ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு வேலை போகாது. சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகைக் கவலை இல்லை. மூடப்பட்டவை எல்லாம் ஓட்டல், கடை, கேளிக்கை மாதிரி இடங்கள். அங்கே வேலை பார்ப்பது யார்? பிரிட்டனின் நிதி ஆய்வுக் கழகம் 2020 ஏப்ரலில் போட்ட கணக்குப்படி, மூடப்பட்ட துறைகளில் 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டரை மடங்கு. முதல் வேலை, முதல் சம்பளம், முதல் காதல், வீட்டை விட்டுப் போய் முதல் தனி அறை, எல்லாம் இந்த வயசில்தான். எழுபது வயசுக்காரர் இழந்தது ஒரு வருஷம். பத்தொன்பது வயசுக்காரன் இழந்ததும் ஒரு வருஷம்தான்; ஆனால் அந்த வருஷம் திரும்ப வராது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த சர்வேக்களில் பெரும்பாலும் ஆன்லைனில் பதில் சொல்ல முடிந்த முதியவர்கள்தான் வந்தார்கள். முதியோர் இல்லத்தில் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளைப் பார்த்தவர்களும், நினைவு தப்பியவர்களும் அதில் இல்லை. "முதியவர்கள் நல்லாத்தான் இருந்தாங்க" என்பது சராசரியைப் பற்றிய வாக்கியம். உங்கள் தாத்தாவைப் பற்றிய வாக்கியம் இல்லை.

பெண்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல்

ஆண்களை விடப் பெண்களுக்கு உளைச்சல் அதிகம் என்பது பழைய கண்டுபிடிப்பு. கொரோனாவில் அந்த இடைவெளி இன்னும் விரிந்தது. 204 நாடுகளைச் சேர்த்து லான்செட் இதழில் 2021இல் வந்த ஒரு மதிப்பீடு, 2020இல் உலக அளவில் கூடுதலாக வந்த மனச்சோர்வு நோயாளிகள் 5.32 கோடி என்றது. அதில் பெண்கள் 3.55 கோடி, ஆண்கள் 1.77 கோடி. சரியாக இரண்டுக்கு ஒன்று. வயதில் பார்த்தால் 20-24 வயதினரிடம்தான் கூடுதல் அதிகம்.

இதைப் பார்த்ததும் "பொம்பளைங்க மனசு மென்மையானது" என்று ஒரு முடிவுக்கு வர நிறையப் பேர் தயாராக இருப்பார்கள். இங்கேதான் இரண்டாவது கோடு உதவுகிறது. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2011 முதல் மக்களிடம் நாலு கேள்வி கேட்கிறது: திருப்தி, செய்வது அர்த்தமுள்ளதா, நேற்று சந்தோஷம், நேற்று பதற்றம். 0 முதல் 10 வரை மார்க். கொரோனாவுக்கு முந்தைய வருஷங்களில் பெண்கள் பதற்றத்தில் ஆண்களை விட அதிகம் மார்க் போட்டார்கள். அதே பெண்கள்தான் திருப்தியிலும் அர்த்தத்திலும்கூட ஆண்களை விடக் கொஞ்சம் அதிகம் போட்டார்கள்! ஒரே கோடு என்று நினைத்தால் இது முரண். இரண்டு கோடு என்றால் முரணே இல்லை. கவலையும் அதிகம், பிடிப்பும் அதிகம்.

அந்தப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? பிரிட்டன் டேட்டாவையே வைத்துக்கொண்டு எதரிட்ஜ், ஸ்பான்டிக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இந்த ஆண்-பெண் இடைவெளி ஏன் விரிந்தது என்று தோண்டினார்கள். குழந்தை பராமரிப்பு, வீட்டு வேலை ஆகியவற்றுக்குக் கொஞ்சம் பங்கு இருந்தது. வேலை, பணம் எதிர்பார்த்த அளவுக்கு விளக்கவில்லை. பெரிய பங்கு வேறு இடத்தில் இருந்தது. கொரோனாவுக்கு முன் ஆண்களை விடப் பெண்களுக்கு நெருங்கிய தோழமைகள் அதிகம். ஊரடங்கு வெட்டியது அதைத்தான். தனிமை உணர்வு பெண்களிடம் அதிகமாக ஏறியது.

இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு வீட்டில் வேலை கூடியது எனக்குத் தெரியும். நாலு வேளை சமையல், அதன் நடுவே ஆன்லைன் வகுப்பு. பாத்திரம் கழுவுவதை நான் எடுத்துக்கொண்டேன், பிரச்சனை தீர்ந்தது என்று நினைத்தேன். அவளுக்குப் போனது ஸ்டாஃப் ரூம். பதினைந்து வருஷமாக மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறு பேர் பேசின பேச்சு. அதற்குப் பதிலாக வந்த வாட்ஸ்அப் குழுவில் டைம்டேபிளும் சர்க்குலரும்தான் வந்தன. எனக்கு அப்படி ஒரு மேஜை ஆபீஸில் இருந்ததே இல்லை. அதனால் போனது தெரியவும் இல்லை.

ஆக, ஊரடங்கு ஒருத்தருக்குச் செய்த சேதம், அவருக்குப் பலமாக இருந்தது எதுவோ, அதை எடுத்ததில் இருந்தது. ஏற்கெனவே இல்லாததை யாரும் எடுக்க முடியாது. ஆண்களின் சின்ன எண்ணை "ஆண்கள் உறுதியானவர்கள்" என்று படிக்க எனக்கு இப்போது தைரியம் இல்லை.

ஜப்பான் இதற்கு ஒரு கடுமையான உதாரணம். அங்கே தற்கொலைகள் 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை 14 சதவீதம் குறைந்தன. ஜூலை முதல் அக்டோபர் வரை 16 சதவீதம் கூடின. பெண்களிடம் 37 சதவீதம் கூடியது. ஒரு நெருக்கடியின் முதல் மாதங்களை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது என்பது ஒரு பாடம். இன்னொன்று: அந்த வருஷம் முழுக்கப் பார்த்தால் ஆண்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது, பெண்களின் எண்ணிக்கை ஏறியது. அப்படியும் இறந்தவர்களில் பெண்களைப் போல இரண்டு மடங்கு ஆண்கள். கேள்வித்தாளில் "பிரச்சனை இல்லை" என்று டிக் போடும் பாலினம் எது என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்கணும்.

சராசரி மறைப்பது

நல்ல செய்தியும் உண்டு. அதே பிரிட்டன் ஆட்களை 2020 அக்டோபர் வரை தொடர்ந்தபோது, சுமார் முக்கால்வாசிப் பேரின் மனநிலை நல்லபடியாகவே நின்றது தெரிந்தது. இன்னொரு கூட்டம் ஆரம்பத்தில் நன்றாக விழுந்து, பிறகு மெல்ல எழுந்தது. அதில் பெண்களும் இளையவர்களும் பெற்றோரும் அதிகம். மீதி ஒரு சின்னப் பங்கு எழவில்லை, அல்லது போகப் போக இறங்கியது. மனுஷன் பெரும்பாலும் தாங்கும் ஜீவன்தான். ஆனால் சராசரிக் கோடு சமமாக இருக்கும்போதே அதற்குக் கீழே ஒரு கூட்டம் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கலாம். சர்வர் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். சராசரி ரெஸ்பான்ஸ் டைம் பிரமாதமாக இருக்கும். நூற்றில் அஞ்சு பேருக்குப் பக்கமே திறக்காது.

இந்த எழவும் இல்லாத, விழவும் இல்லாத நிலைக்கு உலகத்துக்கே பெயர் கிடைத்தது 2021 ஏப்ரலில். ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் கீஸின் அந்த "வாட்டம்" சொல்லை நியூயார்க் டைம்ஸ் கட்டுரை ஒன்றில் எடுத்துப் போட்டார். எக்கச்சக்கமான பேர் "இதுதான், எனக்கு இருப்பது இதுதான்" என்று பகிர்ந்தார்கள். பெயர் இல்லாத ஒன்றை எந்த ஷீட்டிலும் நிரப்ப முடியாது, அதனால்தான்.

என் ஷீட்டில் என்ன மாற்றினேன்

மருத்துவ ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ரொம்ப நாளாகத் தூக்கம், சாப்பாடு கெட்டிருந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ ஷீட் உதவாது. மருத்துவரிடம் போகணும், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைக்கணும். நான் சொல்வது அதற்கு முந்தைய நிலையைப் பற்றி.

ராத்திரிக் கேள்வியை மாற்றினேன். "பிரச்சனையா?" என்று கேட்பதை நிறுத்தினேன். கீஸின் மூன்று பகுதிகளையும் வீட்டுத் தமிழில் ஆக்கிக்கொண்டேன். இந்த வாரம் எதுக்காவது சிரிச்சியா? உன்னால யாருக்காவது ஏதாவது ஆச்சா? நாளைக்கு எதையாவது எதிர்பார்த்துக்கிட்டு இருக்கியா? தினமும் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். வாரம் ஒருமுறை, மொட்டை மாடியில், பேச்சுவாக்கில்.

பையன் முதல் வாரம் மூணுக்கும் "தெரியலப்பா" என்றான். "ஒண்ணும் இல்ல" என்பதை விட அது எவ்வளவோ மேல். ஆறு மாசத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் உண்மையான தகவல் அது. பிறகு அம்மாதான் வழி கண்டுபிடித்தார். தன் போனில் பழைய பாட்டுகளைத் தேடி வரிசைப்படுத்தித் தரச் சொல்லி அவனைத் தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அது ரெண்டாவது கேள்விக்கான மருந்து என்று அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்திருக்கலாம். மனைவி சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, அதே ஆறு பேரோடு, ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் சகிதம் வீடியோ அழைப்பு வைத்துக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரம் யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது.

கடைசியாக ஒருநாள் 14 கேள்விகளையும் எனக்கே போட்டுப் பார்த்தேன். அதுவரை என் கட்டத்தில் வரிசையாக "இல்லை", "இல்லை" என்று இருந்தது. கூட்டிப் பார்த்தால் செழிப்பு பக்கத்திலேயே வரவில்லை. சமூகக் கேள்விகள் அஞ்சிலும் "ஒண்ணு ரெண்டு தடவை". கொரோனாவுக்கு முன்பே அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது யாரும் கேட்கவில்லை.

ஷீட்டைக் காட்டினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு கிருமி வர வேண்டியிருந்துச்சா?"